ஆம்னியை மின்வண்டியாக மாற்றப் போகிறீர்களா? லெட் ஆசிட் பேட்டரி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய மாருதி ஆம்னி வேனில் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரை கியர்பாக்ஸோடு கோத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். அந்த வேலை மூன்றே வாரத்தில் முடிந்தும் போனது. மாட்டிக்கொண்டது பேட்டரியில். எண்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய ஆறு பேட்டரியும் ஏழே மாதத்தில் படுத்துவிட்டன. வாரண்டி கேட்டுப் போன இடத்தில், "வண்டியில போட்டீங்களா? அப்ப வராதுங்க" என்று கார்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது செட் ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன்.

என் வண்டி பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் காய் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுவர மட்டும். 72 வோல்ட், அதாவது 12 வோல்ட் பேட்டரி ஆறு. கீழே உள்ள கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். உங்களுடையது 48 வோல்ட் என்றாலும் முறை இதுவேதான்.

1. வண்டி எங்கே ஓடப் போகிறது?

பேட்டரிக் கடைக்குப் போகும் முன் இதை முடிவு செய்யுங்கள். சொந்த தோட்டம், மில் வளாகம் போன்ற தனியார் இடத்துக்குள் மட்டும் என்றால் பிரச்சினை குறைவு. பொது ரோடு என்றால் கதையே வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இது வண்டியில் செய்யும் மாற்றம், அதை ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். அதற்கு, இப்படி மாற்றும் கிட்டுகளுக்கான ஏ.ஐ.எஸ். 123 தரப்படி, புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்ற கிட்டைத்தான் மாட்ட வேண்டும். நாமே பேட்டரி, மோட்டார், மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் என்று தனித்தனியாக வாங்கிக் கோத்ததை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருக்கும் வண்டி மோதினால் இன்சூரன்ஸும் கை விரித்துவிடும்.

"250 வாட்டுக்குக் கீழ் இருந்தால் பேப்பரே வேண்டாம்" என்று மூன்று சக்கர சைக்கிளுக்கு மோட்டார் வைப்பவர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டது என்று சோதனை அமைப்பு சான்று கொடுத்த வண்டிக்குத்தான் அந்தச் சலுகை, வீட்டில் கட்டியதற்கு இல்லை.

எங்கள் தோப்புக்கு நடுவில் பஞ்சாயத்து ரோடு ஒன்று போகிறது. இருபது அடி அகலம்தான், ஆனால் அதைத் தாண்டுவதும் பொது ரோட்டில் ஓட்டுவதுதான். அதனால் அந்தப் பக்கத்துத் தோப்புக்கு இன்னமும் டிராக்டர்தான் போகிறது.

2. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வேண்டும்?

இதைப் போடாமல் "எத்தனை ஏ.எச். (ஆம்ப்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) வாங்கலாம்" என்று கேட்பதில் பயனே இல்லை. கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான் இங்கேயும். ஆம்னி மாதிரி வண்டி தார் ரோட்டில் 35 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போனால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 8 கி.மீ. கொடுக்கிறது. தோப்புக்குள், மண் தடத்தில், காய் ஏற்றிக்கொண்டு என்றால் எனக்கு 6 கி.மீ.தான் வந்தது, மழை பெய்து மண் இளகிக் கிடந்தால் அதுவும் வராது.

எனக்கு ஒரு நாளைக்கு 15 கி.மீ. போதும். 15ஐ 6ஆல் வகுத்தால் இரண்டரை யூனிட். லெட் ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால்தான் அது உழைக்கும், ஆகவே இரண்டரைக்கு இரண்டு மடங்கு, ஐந்து யூனிட் கொடுக்கிற செட் வேண்டும். இந்த 'கொடுக்கிற' என்ற சொல்லில்தான் நான் கோட்டை விட்டேன்.

3. ஸ்டிக்கரில் இருக்கும் ஏ.எச். உங்கள் வண்டிக்குச் சொன்னதல்ல

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்கிற பொறுமைதான் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பேட்டரி மேல் 130 ஏ.எச். என்று எழுதியிருக்கும். பக்கத்திலோ கீழேயோ பொடி எழுத்தில் சி20 என்றும் இருக்கும். அப்படியென்றால் 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் 130 கிடைக்கும் என்று பொருள். 130ஐ 20ஆல் வகுத்தால் ஆறரை ஆம்ப்பியர். ஆனால் உங்கள் வண்டி சும்மா சமதளத்தில் போகவே 60 ஆம்ப்பியர் இழுக்கும். லெட் ஆசிட்டின் குணம் என்னவென்றால், வேகமாக இழுத்தால் உள்ளே இருப்பதை முழுசாகத் தராது. 60 ஆம்ப்பியரில் அதே 130 ஏ.எச். பேட்டரி ஏறக்குறைய 80தான் கொடுக்கும், ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடிவிட்டு முடிந்துவிடும்.

கணக்கில் போடுங்கள். ஸ்டிக்கர்படி 72 வோல்ட், 130 ஏ.எச். என்றால் ஒன்பது யூனிட்டுக்கு மேல். வண்டிக்குக் கிடைப்பது சுமார் ஐந்தரை. அதில் பாதியைத் தினமும் எடுத்தால் இரண்டே முக்கால், தோப்புக்குள் 16 கி.மீ. ஒரு நாள் அவசரத்துக்கு 80 சதவீதம் வரை இழுத்தால் 26, 27 கி.மீ. ஸ்டிக்கர் கணக்கை நம்பி ஒன்பதை ஆறால் பெருக்கி 54 கி.மீ. ஓடும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன், இன்று வரை கேலி செய்கிறார்கள். குத்துமதிப்பாக, ஸ்டிக்கர் யூனிட்டை 0.6ஆல் பெருக்கி அதில் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், பெரிதாகத் தப்பாது.

இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே மணிக்கணக்கில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். சி5 கணக்கில் 110 ஏ.எச். என்று எழுதியது சி20 கணக்கில் 130 என்று எழுதியதற்கு இளைத்ததல்ல. மின் ஸ்கூட்டரில் வரும் 12 வோல்ட் 20 ஏ.எச். சின்ன பேட்டரிகள் பலவற்றில் அந்த 20 இரண்டு மணி நேரக் கணக்கு, அதனால் அது கொஞ்சம் நேர்மையான எண். கடைக்காரருக்கு இது தெரியவில்லை என்றால் டேட்டா ஷீட் கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

4. எந்த வகை?

கார், லாரி ஸ்டார்ட் செய்கிற பேட்டரி வேண்டவே வேண்டாம். மெல்லிய தகடுகள், ஒரு சில நொடி மட்டும் பெரிய கரண்ட் கொடுக்கவே செய்தது. ஆழமாகக் காலி செய்து சார்ஜ் போட்டால் சில மாதத்தில் உதிர்ந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சபலம் வரும், விட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி. நான் விழுந்தது இங்கேதான். உயரமான டியூபுலர் (குழாய் வடிவத் தகடு உள்ள வகை), 150 ஏ.எச். "இன்வெர்ட்டருக்கு அஞ்சு வருஷம் ஓடுதுங்ணா, வண்டிக்கு ஓடாதா?" என்றார் கடைக்காரர், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் ஒரு மூலையில் ஆடாமல் நின்று பத்து இருபது ஆம்ப்பியர் கொடுப்பது வேறு, தோப்புத் தடத்தில் குலுங்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது 200 ஆம்ப்பியர் கொடுப்பது வேறு. ஏற்றத்தில் வோல்ட்டேஜ் அப்படியே உட்கார்ந்துவிடும், கண்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிடும், இரண்டு நிமிடம் நின்றால் மறுபடி ஓடும். நாலாவது மாதத்தில் ஒரு பேட்டரியின் டெர்மினலைச் சுற்றி ஆசிட் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிட்டது. டியூபுலர் என்பதே தப்பு என்று சொல்லவில்லை, ஃபோர்க்லிஃப்டில் இருப்பதும் டியூபுலர்தான். எந்த வேலைக்குக் கட்டியது என்பதுதான் விஷயம்.

இ-ரிக்‌ஷா பேட்டரி. என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் சரியான இடம். 12 வோல்ட், 100 முதல் 140 ஏ.எச். வரை கிடைக்கிறது, தினமும் காலி செய்து சார்ஜ் போடவே செய்தது, குலுக்கலையும் தாங்கும். தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கோல்ஃப் வண்டியில் வரும் 6 வோல்ட், 225 ஏ.எச். வகை அருமையான சரக்கு, ஆனால் 72 வோல்ட்டுக்குப் பன்னிரண்டு வேண்டும். ஒன்று 28 கிலோ, ஆம்னி தாங்காது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏ.ஜி.எம். பேட்டரி பெரிய கரண்ட்டை நன்றாகவே கொடுக்கும். விலை அதிகம், ஓவர் சார்ஜும் சித்திரை வெயிலும் ஆகாது. பேட்டரியைச் சீட்டுக்கு அடியில் கையே போக முடியாத இடத்தில்தான் வைக்க முடியும் என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: தினமும் 40 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும் என்றால் லெட் ஆசிட்டை மறந்துவிட்டு எல்.எஃப்.பி. லித்தியம் பக்கம் போங்கள்.

5. எடை

என் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று 55 கிலோ, ஆறு சேர்ந்து 330. இ-ரிக்‌ஷா பேட்டரி ஒன்று 33 கிலோ, ஆறும் 198. நடுவில் இருக்கும் 132 கிலோ என்பது இரண்டு ஆள். முதல் செட்டில் நான் தினமும் இரண்டு ஆளைச் சும்மா ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேன், பின் பட்டை வில் தட்டையாகிப் போனதுதான் மிச்சம்.

ஆர்.சி.யில் காலி எடையும் பாரத்தோடு எடையும் போட்டிருக்கும். இன்ஜின், டேங்க், சைலன்சர் எல்லாம் கழற்றியபின் வண்டியை எடைமேடையில் நிறுத்தி ரசீது வாங்குங்கள், முன் சக்கரம் தனியாக, பின் சக்கரம் தனியாக. சில்லறைக் காசுதான் ஆகும். பாதிப் பேட்டரியை முன் சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருந்த பக்கமும் பாதியைப் பின்னாலும் வைக்கலாமா என்பது அந்த ரசீதைப் பார்த்தால்தான் தெரியும்.

6. கடையில் கேட்க வேண்டியவை

தயாரித்த மாதம். பேட்டரி மூடியிலோ டெர்மினல் பக்கத்திலோ எண்ணும் எழுத்துமாகக் குத்தியிருப்பார்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை, எப்படிப் படிப்பது என்று கடைக்காரரையே படிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தது என்றால் எனக்கு வேண்டாம். ஆறும் ஒரே பேட்ச்சாக இருக்க வேண்டும். நாலு இங்கே இருக்கிறது, இரண்டு நாளைக்கு வரும் என்றால் நாளைக்கே ஆறையும் சேர்த்து எடுங்கள்.

மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், வெட்கப்பட வேண்டாம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6, 12.7 காட்டும். 12.4க்குக் கீழே காட்டினால் மாற்றச் சொல்லுங்கள். ஆறுக்கும் நடுவில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அப்படியே.

பில்லில் ஆறு சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. பில்லாக இருக்க வேண்டும். வாரண்டி கார்டில் கடை சீலும் தேதியும் உங்கள் கண் முன்னால் விழ வேண்டும். கார்டின் பின்பக்கம் 'எந்தப் பயன்பாட்டுக்கு' என்ற வரியைப் படியுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மூன்று வருடம் இரண்டு வருடம் என்று தாராளமாக எழுதியிருப்பார்கள், வண்டியில் போட்டால் அந்த வரியைக் காட்டித்தான் மறுப்பார்கள். இ-ரிக்‌ஷா பேட்டரிக்கு வாரண்டி மாதக் கணக்கில்தான் இருக்கும், ஆனால் இருக்கும். ஆம்னிக்குள் மாட்டினால் ஒத்துக்கொள்வார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டு, பில்லிலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். நான் வாங்கினேன், எழுதிக் கொடுத்தார்கள்.

7. எனக்கு ஆன செலவு

இ-ரிக்‌ஷா பேட்டரி ஒன்று 10,400 வீதம் ஆறுக்கு 62,400. சார்ஜர் 9,500. கேபிள், லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது), ஃபியூஸ் எல்லாம் 8,000க்குப் பக்கம். ஃபைபர் பெட்டி செய்ய 6,000. டி.சி. கன்வெர்ட்டர் 1,800. நான் வாங்கியபோது லெட் ஆசிட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் இதைச் சொல்லிக் கேளுங்கள். பழைய பேட்டரியைக் கொடுத்தால் கழிக்கும் தொகையையும் பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உண்மையான விலை என்ன என்றே உங்களுக்குத் தெரியாது.

8. சார்ஜர்

பேட்டரியில் பணம் தீர்ந்துபோய் சார்ஜரில் மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். 130 ஏ.எச்.க்கு 13 முதல் 15 ஆம்ப்பியர் சார்ஜர் சரி. முழு சார்ஜ் நெருங்கும்போது ஒரு பேட்டரிக்கு 14.4 முதல் 14.8 வோல்ட் வரை, ஆறுக்கும் சேர்த்து 86 முதல் 89 வரை போகும். உங்கள் கண்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று அதன் லேபிளைப் பாருங்கள், '72 வோல்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. தண்ணீர் ஊற்றும் வகைக்கும் ஏ.ஜி.எம்.முக்கும் சார்ஜ் அளவு வேறு, லித்தியம் சார்ஜரை இதற்குப் போடவே கூடாது.

பாதி காலியான செட் முழுசாக ஏற ஏழு எட்டு மணி நேரம் ஆகும், சுவரிலிருந்து நாலு நாலரை யூனிட் இழுக்கும். பதினாறு ஆம்ப்பியர் பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். தோட்டத்து இலவச மோட்டார் சர்வீஸில் சார்ஜ் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் அது அனுமதியில்லாத பயன்பாடு, அபராதம் கட்ட வேண்டியிருக்கும். சாளையின் (தோட்டத்து வீட்டின்) வீட்டுச் சர்வீஸில் போடுவதற்கு முன் உங்கள் இ.பி. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

9. மாட்டும்போது

ஹாரன், லைட்டுக்காக ஆறில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். அந்த ஒன்று மட்டும் தினமும் கூடுதலாகக் காலியாகி முதலில் சாகும், மீதி ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகும். 72ஐ 12 ஆக்கும் டி.சி. கன்வெர்ட்டர் போடுங்கள். ஃபியூஸ் டி.சி.க்கு ஏற்றதாக இருக்கட்டும், வீட்டு எம்.சி.பி.யை மாட்டினால் தேவைப்படும்போது ஆர்க் அடித்து உருகி ஒட்டிக்கொள்ளும். கேபிள் 35 சதுர மி.மீ., லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அடிக்க வேண்டும், சுத்தியலால் அல்ல. டெர்மினலை இறுக்கியபின் வாஸ்லைன் தடவுங்கள். ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.

பெட்டிக்கு மேலே காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆம்னிக்குள் பீடி பற்ற வைத்துக்கொண்டு காய் இறக்குகிற ஆள் எங்களிடம் ஒருவர் இருக்கிறார், அதனால் நான் பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாயும் சின்ன ஃபேனும் வைத்திருக்கிறேன்.

10. முதல் மாதமும் அதற்கு அப்புறமும்

புதுசாக இருக்கும்போது முழு தூரம் வராது, பயந்துவிடாதீர்கள். சில பத்து முறை சார்ஜ் ஏறி இறங்கினால்தான் பேட்டரி முழு பலத்துக்கு வரும். அந்த நாட்களில் ஆழமாகக் காலி செய்யாதீர்கள். எத்தனை ஆம்ப்பியர் இழுக்கிறது என்று பார்க்க கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டி.சி. அளப்பதா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவை ஏ.சி. மட்டும்தான் அளக்கும். நான் முதலில் வாங்கியது அந்த வகைதான், எப்போதும் பூஜ்யம் காட்டியது.

மாலையில் வண்டியை நிறுத்தியவுடன் சார்ஜ் போடுங்கள். காலியாக ஒரு ராத்திரி கிடந்தால்கூட தகட்டில் சல்ஃபேட் படியத் தொடங்கிவிடும், ஒரு வாரம் கிடந்தால் திரும்பி வராத அளவுக்கு இறுகும். கண்ட்ரோலரின் கட்-ஆஃப் (வண்டியை நிறுத்திவிடும் வோல்ட்டேஜ்) 63 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டாம், ஒரு பேட்டரிக்கு 10.5.

தண்ணீர், சார்ஜ் முடிந்தபின் ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் பொங்கி ஆசிட்டாக வெளியே வரும். தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அது மூழ்கும் வரை முன்னாலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், ஆர்.ஓ. தண்ணீர் கூடாது. கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை மூடி திறந்து பார்க்கிறேன், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை. அப்படியே ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால், பேட்டரிக்கு ஆறாக 36 செல்லையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். முழு சார்ஜில் 1.260லிருந்து 1.280 வரை இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 குறைந்து நின்றால் அது நோயாளி. வாரண்டிக்குள் இருந்தால் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், ஒன்றை மட்டும் புதுசு வாங்கிச் சேர்க்காதீர்கள், பழைய ஐந்தும் சேர்ந்து புதுசைக் கெடுத்துவிடும். அதே வயதுள்ள நல்ல பழைய பேட்டரி ஒன்றைத் தேடுங்கள், இ-ரிக்‌ஷா ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும்.

11. செத்த செட்டை விற்பது

லெட் ஆசிட்டில் உள்ள நல்ல விஷயம், செத்த பிறகும் விலை உண்டு. முதல் செட்டைப் பழைய இரும்புக் கடையில் கேட்டபோது, ஆசிட்டைக் கொட்டிவிட்டு எடுத்து வரச் சொன்னார்கள். தோட்டத்தில் எங்கே கொட்டுவது, தென்னை வேரிலா? 2022ஆம் ஆண்டு பேட்டரி கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியை அதைச் சேகரிக்கிற, புதுப்பிக்கிற அல்லது மறுசுழற்சி செய்கிற அமைப்பிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கடைசியில் புது பேட்டரி வாங்கிய கடையிலேயே ஆசிட்டோடு எடுத்துக்கொண்டார்கள், கிலோ 72 ரூபாய். முதலில் "ஒண்ணு அம்பது கிலோ, ஆறு முந்நூறு" என்று கண்ணாலேயே எடை போட்டார் அங்கே ஒருவர். களத்தில் தேங்காய் நிறுக்கிற தராசில் வைத்து நான் எழுதி எடுத்துப் போன சீட்டைக் காட்டியதும், முந்நூற்று இருபத்தாறு என்று திருத்திக்கொண்டார்.